இடம் மாறாத நிலையம்

ஸஹீலா மிஸ் மேசையில் விரித்த தாளில் இரண்டு கோடுகள் இருந்தன. சிவப்புக் கோடு எங்கள் ஊர், எட்டாம் வாய்க்கால். நீலக் கோடு மலைநாட்டில் ஹற்றன் பக்கத்துச் சோலைக்கந்தைத் தேயிலைத் தோட்டம். இரண்டு இடத்தினதும் இருபத்தெட்டு வருட வெப்பநிலையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாராம். வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவர். அங்கேயிருந்து காலை பஸ்ஸில் வந்து, முகத்து வியர்வையைக்கூடத் துடைக்காமல் அதைத்தான் முதலில் விரித்தார்.

"மலையில குளிர், இஞ்ச வெயில். இதைச் சொல்லக் கம்பஸ் படிப்பு வேணுமோ மிஸ்?" என்று கேட்டுவிட்டேன். எனக்கு வாய் நீளம் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

அவர் கோபிக்கவில்லை. "எந்த இடம் கூடச் சூடு எண்டு பாக்கேல்லை அம்மா. ரெண்டு பிள்ளையளைச் சுவரோட நிப்பாட்டி அளக்கிறம் எண்டு வையுங்கோ. ஆர் உயரம் எண்டது கதையில்லை. முந்தி அளந்ததில இருந்து ஆர் எவ்வளவு வளந்தது எண்டதுதான் கதை."

"அப்ப ஆர் வளந்தது?"

"தோட்டம். ஒரு டிகிரிக்கு மேல ஏறியிருக்கு. இஞ்ச பாருங்கோ, உங்கட கோடு படுத்துக் கிடக்கு. இரணைமடுப் பக்கம் சூடே ஏறேல்லை எண்டுதான் சொல்லவேணும்."

நான் கையில் வைத்திருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். சூடு ஏறவில்லையாம். முற்றத்தில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியவில்லை. கிணற்றுக்கட்டில் கை வைத்தால் கை வேகிறது. போன வருடம் இந்த வெயிலில்தான் என் பிள்ளை விழுந்தான்.

சுதாகரன் எங்கள் ஒரே பிள்ளை. முப்பத்துமூன்று வயது, கொங்கிறீற் வேலை. போன சித்திரையில் இரணைமடுப் பக்கம் ஒரு பாலத்துக்குக் கொங்கிறீற் போடும்போது நடு மத்தியானம் சுருண்டு விழுந்தான். ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். சிறுநீரகம் இரண்டிலும் அடி விழுந்திருக்கிறது என்றார்கள். "இனி மத்தியான வெயிலுக்குள்ள வேலைக்கு விடாதேங்கோ. இன்னொருக்கா விழுந்தா திரும்பி வராது" என்று டொக்டர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். வேறு வேலை தேடு என்று சொல்ல எல்லாருக்கும் வாய் இருக்கிறது. அவனும் தேடினான், கிடைக்கவில்லை. சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு பாலத்து வேலை திரும்பத் தொடங்குகிறது. அவனை வைத்து வேலை வாங்கும் ஜெயந்தன் கெட்டவன் இல்லை. "மேல இருந்து ஓடர் வந்தா பதினொண்டுக்கு நிப்பாட்டுறன் அன்ரி. என்ர பாட்டில நிப்பாட்டினா வேலையை வேற ஆளுக்குக் குடுத்திடுவாங்கள்" என்றான்.

அந்த ஓடருக்காகத்தான் ஸஹீலா மிஸ்ஸின் தாள். எந்தெந்தப் பிரதேசப் பிரிவில் வெயில் கூடிக்கொண்டு போகிறதோ அந்தப் பிரிவுகளில் பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் வெளிவேலை நிறுத்தவேண்டும் என்று ஒரு அரசாங்கக் குழு பட்டியல் போடுகிறது. பட்டியலுக்குக் கணக்குக் கொடுக்கிறவர்களில் இவரும் ஒருவர். வெள்ளிக்கிழமை கொடுக்கவேண்டுமாம். அன்று புதன்கிழமை.

"அப்ப எங்கட பிரிவு பட்டியலில வராதோ?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, பிச்சை கேட்பதுபோல இருந்தது.

"இந்தக் கோட்டை வைச்சுப் பாத்தா வராது அம்மா. எனக்கும் ஆச்சரியமாத்தான் இருக்கு. ஆனா ஐயாவின்ர கொப்பி மாதிரி ஒழுங்கான கொப்பி நான் எங்கயும் காணேல்லை. அதை நம்பாமல் எதை நம்புறது?"

ஐயா என்றது என் மனுசன் மாயாண்டியை. அவர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வயலோரத்தில் நான்கு காலில் நிற்கும் வெள்ளைப் பெட்டிக்குள் வெப்பமானி இருக்கிறது, அதுதான் எட்டாம் வாய்க்கால் வானிலை நிலையம். காலை எட்டரைக்கும் பின்னேரம் மூன்றரைக்கும் அதைப் பார்த்துக் கொப்பியில் எழுதுவது அவர் வேலை. ஓய்வு பெற்று நாலு வருடம். பதிலுக்கு ஆள் வராததால் இன்னும் அவர்தான் பார்க்கிறார். காய்ச்சலோடு போயிருக்கிறார். கலியாண வீட்டுப் பந்தியிலிருந்து எழும்பிப் போயிருக்கிறார். சுதாகரன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் மூன்றரைக்கு வந்து பார்த்துவிட்டுத்தான் திரும்பப் போனார். அன்றைக்கு நான் கதைத்த கதையை இங்கே எழுத முடியாது.

ஸஹீலா மிஸ் ஒரு படிவத்தை நீட்டினார். அளவு எடுத்தவர் பெயர், எடுத்த நேரம், எடுத்த முறை. கடைசியில் ஒரு கேள்வி: நிலையம் எப்போதாவது இடம் மாறியதா?

மாயாண்டி ஒரு கணமும் யோசிக்கவில்லை. "இல்லை" என்று அழகாக எழுதிக் கையெழுத்து வைத்தார்.

எனக்குள் ஏதோ இடறியது. என்னவென்று உடனே பிடிபடவில்லை. மிஸ்ஸை வழியனுப்பி, கோப்பைகளைக் கழுவி, அரிசியைக் களைந்துகொண்டு நிற்கும்போதுதான் பிடிபட்டது. கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது.

தொண்ணூற்றாறில் சண்டையில் கிளிநொச்சி முழுவதும் இடம்பெயர்ந்தபோது நாங்களும் புதுக்குடியிருப்புக்குப் போனோம். பள்ளிக்கூடம் போனது, ஆஸ்பத்திரி போனது, அரசாங்கக் கந்தோர் போனது, எல்லாம் தங்கள் பெயரோடு போயின. கிளிநொச்சிப் பள்ளிக்கூடம் புதுக்குடியிருப்பில் ஒரு மாமரத்தடியில் நடந்தது. பிள்ளைகளின் சான்றிதழில் கிளிநொச்சி என்றுதான் இருந்தது. யாரும் அதைப் பிழை என்று நினைக்கவில்லை. எட்டாம் வாய்க்கால் நிலையமும் அப்படித்தான் போனது. வெள்ளைப் பெட்டியைத் தூக்க முடியாமல் வயலில் விட்டுவிட்டோம். வெப்பமானியை என் சேலையில் சுற்றி நான்தான் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

அங்கே ஒரு வீட்டின் பக்கச் சுவரோடு தகரம் போட்ட சாய்ப்புப் பத்தி ஒன்று இறக்கித் தந்தார்கள். குசினியும் படுக்கையும் கந்தோரும் எல்லாம் அதற்குள்தான். மாயாண்டி தூணில் ஆணி அடித்து வெப்பமானியைத் தொங்கவிட்டார். நாலடி உயரம், நிழல், காற்றோட்டம் என்று எல்லாவற்றையும் பார்த்துத்தான் அடித்தார். பழைய கொப்பிகள் இடம்பெயர்வில் தொலைந்ததால் தொண்ணூற்றேழு தை முதலாம் திகதி புதுக் கொப்பி தொடங்கினார். அட்டையில் "எட்டாம் வாய்க்கால்" என்று எழுதினார். இரண்டாயிரத்து மூன்று தையில் திரும்பி வரும்வரை ஆறு வருடம் அந்தத் தகரத்துக்குக் கீழே பார்த்ததைத்தான் எழுதினார்.

நிழல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தகரத்து நிழல் என்னவென்று அதற்குள் சோறு சமைத்த எனக்குத் தெரியாதா? தொடக்கத்து ஆறு வருடமும் தகரத்து வெக்கை, பிறகு வயல்காற்று. தொடக்கத்திலேயே சூடு கூட நின்றால், பிறகு ஏறினாலும் கோடு படுத்துத்தானே கிடக்கும்.

இதை நினைத்ததும் முதலில் வந்தது சந்தோசம் இல்லை, பயம். மிஸ்ஸிடம் சொன்னால் கொப்பி முழுவதையும் குப்பையில் போட்டுவிட்டால்? கொப்பி இல்லாவிட்டாலும் பட்டியல் இல்லை. மனுசனும் இல்லாமல் போவார். அவருக்கு அந்தக் கொப்பியைத் தவிரச் சொல்லிக்கொள்ள வேறு ஒன்றும் இல்லை. சொல்லாவிட்டால் வருடப்பிறப்புக்குப் பிறகு சுதாகரன் மத்தியான வெயிலில் நிற்பான். அரிசியை இரண்டு தரம் களைந்தேன். கறிக்கு உப்புப் போட்டேனா என்று தெரியாமல் இன்னொரு தரமும் போட்டுவைத்தேன்.

பின்னேரம் மூன்றரைக்கு அவர் பெட்டியடிக்குப் போனதும் கிணற்றடியில் நின்று மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். பஸ்ஸில் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அம்மா," என்றார், "அவர் இல்லை எண்டு கையெழுத்து வைச்சிருக்கிறார். நீங்கள் போனில சொன்னதை வைச்சு நான் வெட்டேலாது. அளந்தவர் எழுதித் தரவேணும்."

"எழுதித் தந்தா கொப்பியை எறிஞ்சு போடுவீங்களோ?"

"அந்த ஆறு வருசத்தை மட்டும் எடுப்பன். மிச்சம் இருபது வருசம் இருக்கவேணும், அதுக்குக் குறைஞ்சாக் குழு ஏற்காது. பொறுங்கோ பாப்பம்." முணுமுணுத்துக் கணக்குப் பார்த்தார். "ரெண்டாயிரத்தி மூண்டில இருந்து இருபத்திநாலு வரை இருபத்திரண்டு. ரெண்டாயிரத்தி எட்டுக் கடைசியில இருந்து பதினாறு மாசம் கொப்பியில வெறுமையாக் கிடக்கு. இருபதும் சொச்சமும் வருது. தப்பும்."

"வெட்டினாக் கோடு எழும்புமோ?"

"அதை இப்ப சொல்லேலாது அம்மா. வெட்டின பிறகும் படுத்தே கிடக்கலாம். இன்ஷா அல்லாஹ், பாப்பம். நாளைக்குப் பின்னேரத்துக்குள்ள கடிதத்தைப் படம் எடுத்து அனுப்புங்கோ. பிந்தினா ஒண்டும் செய்யேலாது."

அந்தப் பதினாறு மாதமும் கடைசிச் சண்டையும் முகாமும். அப்போது வெப்பமானி பார்க்கிற நிலையில் யாரும் இருக்கவில்லை. அது வெறுமையாகக் கிடப்பதுதான் சரி.

மாயாண்டி பெட்டியடியிலிருந்து வந்து கால் கழுவும்வரைக்கும் பொறுத்தேன். எனக்கு அது பெரிய பொறுமை.

"இஞ்சாருங்கோ. அந்தப் படிவத்தில பிழை எழுதிப்போட்டியள்."

"என்ன பிழை?"

"நிலையம் இடம் மாறினதுதானே. புதுக்குடியிருப்பில ஆறு வருசம் இருந்ததுதானே."

"நாங்கள் மாறினனாங்கள். நிலையம் மாறேல்லை." சின்னப் பிள்ளைக்கு விளங்கப்படுத்துவதுபோல் சொன்னார். "பள்ளிக்கூடம் மாமரத்துக்குக் கீழ நடந்தா அது பள்ளிக்கூடம் இல்லையோ? அங்க படிச்ச பிள்ளையள் படிக்கேல்லையோ?"

"பிள்ளை மாமரத்துக்குக் கீழ படிச்சா படிப்பு மாறாது. வெப்பமானி தகரத்துக்குக் கீழ தொங்கினா சூடு மாறும்!"

"நிழலில தொங்கினது. நாலடி உயரத்தில. சட்டப்படி."

"சட்டத்தில தகரத்தைப் பற்றி என்ன இருக்கு?"

அவருக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது, காது மட்டும் சிவக்கும். "அமராவதி, நான் பொய் எழுதுறவன் எண்டு சொல்லுறாய்," என்றார். முப்பத்தைந்து வருடத்தில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட நாட்களை விரல்விட்டு எண்ணலாம்.

"உங்களைப் பொய்யன் எண்டு சொல்லேல்லை. பிள்ளையைச் சாகக் குடுக்க ஏலாது எண்டு சொல்லுறன்."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன். சுதாகரனும் அப்போதுதான் படலையைத் திறந்துகொண்டு வந்தான். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, "என்ர கதையோ?" என்று கேட்டான். இரண்டு பேரும் இல்லை என்றோம். அவன் சிரித்தான். "அப்ப என்ர கதைதான்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான்.

வியாழக்கிழமை காலை மாயாண்டி எட்டரைக்குப் பெட்டியடிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. ஒன்பது ஆனது. பத்து ஆனது. கோபத்தில் யாருடைய வீட்டிலாவது இருப்பார் என்று நினைத்தேன். பதினொன்றானதும் எனக்கு வேறு நினைப்பெல்லாம் வரத் தொடங்கின. அறுபத்துநான்கு வயது, தலையில் தொப்பிகூட இல்லாமல் போயிருக்கிறார். நான் பேசிய பேச்சுக்கு வாய்க்கால் கரையில் எங்காவது விழுந்து கிடந்தால்? பெட்டியடிக்கு ஓடினேன். அங்கே இல்லை. பெட்டிக் கதவு மட்டும் ஒழுங்காகச் சாத்தியிருந்தது.

பக்கத்து வயல் கோகுலன்தான் சத்தம் போட்டான். "அன்ரி, மாமா என்ர ட்ரக்டர் கொட்டிலுக்குள்ள இருக்கிறார்! என்னெண்டு கேட்டாலும் கதைக்கிறாரில்லை!"

ட்ரக்டர் நிற்கும் அந்தத் தகரக் கொட்டிலுக்குள் ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்து அதில் உட்கார்ந்திருந்தார் என் மனுசன். வியர்வையில் சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. முன்னால் தூணில், நாலடி உயரத்தில், கந்தோர்க்காரர் மேலதிகமாகத் தந்து வைத்திருந்த வெப்பமானி தொங்கியது. மடியில் ஒரு கடுதாசித் துண்டு. அதில் காலை ஒன்பதிலிருந்து அரை மணிக்கு ஒருதரம் இரண்டு நிரலாக எழுதியிருந்தார். கொட்டிலில் பார்ப்பது, எழும்பிப் போய்ப் பெட்டியில் பார்ப்பது, திரும்பி வந்து உட்காருவது.

"உங்களுக்கு விசரே? தண்ணி குடிச்சனீங்களோ?"

"கதைக்காதை. பன்னிரண்டு பாக்கவேணும்."

கோகுலனிடம் தண்ணீர் வாங்கி வந்து குடிக்க வைத்தேன். பிறகு நானும் நின்றேன். வேறு என்ன செய்ய? தகரம் படபடவென்று சத்தம் போட்டது. தலைக்கு மேலே அடுப்பை வைத்ததுபோல இருந்தது. பன்னிரண்டுக்கு அவர் எழும்பிப் பார்த்தார். முப்பத்தெட்டு புள்ளி ஒன்பது. நூறு யார் தூரம் நடந்து போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தார். முப்பத்தாறு புள்ளி ஒன்று. நான் பின்னாலேயே போனேன். அவர் இரண்டையும் எழுதிவிட்டு, கழித்தும் எழுதினார். இரண்டு புள்ளி எட்டு. அந்தத் தாளைப் பார்த்தபடி வெயிலிலேயே நின்றார்.

"நான் பார்த்ததைத்தான் எழுதினனான்," என்றார்.

"ஓம். எனக்குத் தெரியும்."

"ஒண்டையும் கூட்டி எழுதேல்லை."

"ஓமெண்டுறன். வாங்கோ வீட்டை."

வீட்டுக்கு வந்து முகம் கழுவினார். சாப்பிடச் சொன்னேன், வேண்டாம் என்றார். "பேனையைத் தா" என்றார். அரை மணித்தியாலம் எழுதினார். அவர் எழுத்து அன்றைக்கும் அச்சுப்போல இருந்தது. 1997 தை முதல் 2002 மார்கழி வரை நிலையம் புதுக்குடியிருப்பில் தகரக் கூரையின் கீழ் இயங்கியது, அந்த அளவுகள் எட்டாம் வாய்க்காலின் அளவுகள் அல்ல என்று எழுதினார். அல்ல என்ற சொல்லுக்கு முன்னால் பேனை கொஞ்ச நேரம் நின்றது. எனக்கு அழுகை வந்தது. அவர் பார்க்காமல் குசினிக்குள் போய் நின்று அழுதேன். என் பிள்ளைக்காக என் மனுசனை உடைத்துவிட்டேன் என்று அப்போது நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சுதாகரன் வந்து படம் எடுத்து அனுப்பினான். என்ன கடிதம் என்று வாசித்தான். தகப்பனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மூன்றரை ஆகும்வரை அப்படியே இருந்தான்.

பிறகு காத்திருப்பு. வெள்ளி போனது, சனி போனது. போன் அடிக்கும்போதெல்லாம் அடுப்பை விட்டுவிட்டு ஓடினேன். வெட்டின பிறகும் கோடு படுத்தே கிடந்தால், மனுசனின் பெயரையும் கெடுத்துப் பிள்ளையையும் காப்பாற்றாமல் விட்டவளாவேன். திங்கட்கிழமை ஸஹீலா மிஸ் எடுத்தார். கோடு எழும்பிவிட்டதாம். அந்த இருபது வருடத்தைத் தோட்டத்தோடு ஒத்துப் பார்த்தால் தோட்டம் புள்ளி ஏழு, நாங்கள் ஒன்று புள்ளி ஒன்று. எங்கள் பிரிவு பட்டியலில் வருகிறது. போனை வைத்துவிட்டு மாயாண்டியிடம் சொல்ல ஓடினேன்.

சித்திரை கடைசியில் ஓடர் வந்தது. இப்போது ஜெயந்தன் விடிய ஐந்தரைக்கு வேலை தொடங்கிப் பதினொன்றுக்கு நிறுத்துகிறான். பின்னேரம் மூன்றுக்குப் பிறகு மிச்சம். பன்னிரண்டுக்குள் சுதாகரன் வீட்டில் நிற்பான். வாசலில் அவன் சைக்கிள் சத்தம் கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

வைகாசியில் ஒரு நாள் அந்த நேரத்துக்கு ஸஹீலா மிஸ் வந்தார். அச்சடித்த அறிக்கையை மாயாண்டியின் கையில் இரண்டு கையாலும் கொடுத்தார். உள்ளே அவர் பெயர் நன்றியோடு போட்டிருந்தது. மாயாண்டி அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார். இரண்டு கோடுகள் இருந்தன. நீலக் கோடு ஓரத்திலிருந்தே தொடங்கியது. எங்கள் சிவப்புக் கோடு கொஞ்சம் தள்ளி, இரண்டாயிரத்து மூன்றில் தொடங்கியது. அதற்கு முன்னால் வெள்ளைத் தாள்.

அவர் அந்த வெள்ளை இடத்தில் விரலை வைத்தார்.

"இது சரிதான் பிள்ளை. நானே எழுதித் தந்தனான்," என்றார். "ஆனா இதைப் பாக்கிறவன் கேட்டா என்ன சொல்லுறது? இந்த ஆறு வருசமும் நாங்கள் எங்க இருந்தனாங்கள்?"

ஸஹீலா மிஸ் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு யாரையாவது ஏசவேண்டும் போல இருந்தது. ஏசுவதற்கு அங்கே ஆள் இல்லை.

சுதாகரன் வேலையால் வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவன் நிமிரவில்லை.

"கேக்கிறவனுக்கு என்னைக் காட்டுங்கோ அப்பா," என்றான். "அஞ்சு வயசில இருந்து பதினொண்டு வரைக்கும் அதுக்குள்ளதான் நான் இருந்தனான்."